பியூலா மிஸ்ஸின் சமபங்கு

சிதம்பரத்தில் விடுதி ஆயாக்களுக்கென்று ஒரு கூட்டம் வைத்தார்கள். ஓய்வு பெற்றவர்களும் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டு மேலே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மைக் என் பக்கம் வந்ததும் எழுந்தேன். “எல்லாருக்கும் வணக்கம்” என்றேன். உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கை தட்டினார்கள். எனக்கு மேடைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். “ஏன் ஆயா, எங்க விடுதியில ஷேர் அண்ட் ஷேர் அலைக்னு ஒண்ணு சொல்லித் தராங்க. எல்லாத்தையும் சமமா பங்கு போட்டுக்கணுமாம். உங்க விடுதியிலதான் அது மொத மொத வந்துச்சு, அப்புறம் அங்கயே அதக் கத்திச் சொல்றத நிறுத்திட்டாங்கன்னு சொல்றாங்களே. நல்ல பழக்கந்தானே, ஏன் நிறுத்துனாங்க?” என்று கேட்டாள்.

“எழுதித் தரேம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். வாயால் வராதது எனக்குக் கையால் கொஞ்சம் வரும். அஞ்சாம் வகுப்பு வரை படித்த கை. பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

என் பேர் அஞ்சலை. கடலூரில் ஒரு டிரஸ்ட் நடத்திய பெண் பிள்ளைகள் விடுதியில் 2004இல் ஆயாவாகச் சேர்ந்து 2012இல் வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் சிப்காட் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். முதுகு வலி வந்து வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான் நான் வேலைக்குப் போனேன். வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. தலை சீவி விடுவது, பேன் பார்ப்பது, பாய் உதறுவது, சாம்பார் வாளி தூக்குவது. எல்லாம் வீட்டில் செய்ததுதான், ஆனால் ஒரு பிள்ளைக்குச் செய்ததை ஒரு கூட்டத்துக்குச் செய்ய வேண்டும். சீக்கிரம் பழகிவிட்டது.

அந்த வருஷக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. அப்பா போனது, அம்மா போனது, இரண்டு பேரும் போனது என்று பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். விடுதி நிரம்பி வராந்தாவிலும் பாய் விரித்தோம். அதோடு லாரி லாரியாகச் சாமானும் வந்தது. ஒரு பிள்ளை கையில் மூன்று கவுன் இருக்கும், இன்னொன்று போட்ட துணியோடு நிற்கும். பிஸ்கட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்து எறும்பு மொய்த்துவிடும். பிடுங்கிக்கொண்டு முடியைப் பிடித்துச் சண்டை போடுவார்கள். அழுகிற பிள்ளை எதற்காக அழுகிறது, கவுனுக்கா அம்மாவுக்கா என்று எங்களுக்குத் தெரியாது.

எங்கள் வார்டன் பியூலா மிஸ். இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளையில் சின்னப் பூப்போட்ட நூல் புடவை, ஒரு கைக்கடிகாரம், அவ்வளவுதான் அவர் அலங்காரம். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைப்பார். கண்ணாடி மேஜையில் படுகிற சின்னச் சத்தத்துக்கு மொத்த ஹாலும் அடங்கிவிடும்.

ஒருநாள் கவுன் சண்டையில் ஒரு பிள்ளைக்கு உதடு கிழிந்துவிட்டது. அன்று சாயங்காலம் மிஸ் எல்லாரையும் சாப்பாட்டு ஹாலில் உட்கார வைத்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ஷேர் அண்ட் ஷேர் அலைக்” என்றார். பிறகு தமிழில் விளக்கினார்.

“இங்கிலீஷ்காரங்க வீட்டுல கேக் வெட்டும்போது பிள்ளைங்ககிட்ட இதச் சொல்லுவாங்க. பெரியவ சின்னவ கிடையாது, கொண்டாந்தவ கொண்டாராதவ கிடையாது, ஆளுக்குச் சமமா ஒரு பங்கு. சொத்த எழுதி வைக்கிறப்பகூட இதத்தான் எழுதுவாங்க. என் பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரே அளவுன்னு. இன்னையிலேர்ந்து இந்த விடுதியில எது வந்தாலும் அப்படித்தான்.”

“அடி வந்தாலுமா மிஸ்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ரெஜினா. கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை. கடலுக்கு அப்பா அம்மா இரண்டு பேரையும் கொடுத்துவிட்டு வந்தது, வாய் மட்டும் குறையவில்லை. ஹால் முழுக்கச் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். அவர் சிரித்தபோதுதான் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை பிடித்துப் போனது என்று நினைக்கிறேன்.

அதற்கு ஒரு முறை வைத்தார். ஆறு பேருக்கு ஒரு பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர்கள் எது கொண்டுவந்தாலும் அது அந்தப் பெஞ்சுக்குச் சொந்தம். ஒரு அலுமினியத் தட்டில் கொட்ட வேண்டும். ஒரு பிள்ளை பங்கு பிரிக்கும். பிரிக்கிற பிள்ளை கடைசியாகத்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் கை ஒரு பக்கம் சாயாது. முறுக்கை உடைத்தால் தூளையும் பிரிப்பார்கள். தட்டில் கொட்டும்போது ஆறு பேரும் சேர்ந்து ‘ஷேர் அண்ட் ஷேர் அலைக்’ என்று கத்துவார்கள். இன்னொரு சட்டமும் இருந்தது. எல்லாரும் உட்கார்ந்து ஜெபம் முடிகிற வரை யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது, ஒரு வாய் தண்ணீர்கூட.

ஒரு தடவை ஒரு மாமா பண்ருட்டியிலிருந்து பலாப்பழத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். சுளை ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பிள்ளைகள் பெரிய சுளையைக் கிள்ளிச் சின்னச் சுளையோடு வைத்து, சரியில்லை என்று திரும்பக் கிள்ளி, கடைசியில் கையெல்லாம் பிசினாகி எண்ணெய் கேட்டு என்னிடம் வந்து நின்றார்கள். “ஆயா, கொட்டைய எப்புடிப் பங்கு போடுறது?” என்று கேட்டார்கள். அவித்துக் கொடுத்தேன். அதையும் பிரித்தார்கள்.

பேன் வந்தால் “ஷேர் அண்ட் ஷேர் அலைக், ஆயா” என்று ரெஜினா தலையைக் காட்டுவாள். முதல் இரண்டு மூன்று வருஷத்தில் சண்டை நின்றே போய்விட்டது. மற்ற விடுதிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்று மட்டும் மிஸ் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளைகளே உண்டாக்கிக்கொண்டார்கள். யாராவது எதையாவது ஒளித்துத் தின்றது தெரிந்தால் அவளுக்கு ‘தனித்தீனி’ என்று பேர். அந்தப் பேர் விழுந்துவிட்டால் அவளோடு யாரும் பாய் ஒட்டிப் போட மாட்டார்கள், ஜடை பின்னிவிட மாட்டார்கள். கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள்தான். ஆனால் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாள் என்பது ரொம்ப நாள்.

கொளஞ்சி வந்தது அதற்கெல்லாம் பிறகு. முழுப் பேர் கொளஞ்சியம்மாள், நாலாம் வகுப்பு. குறிஞ்சிப்பாடிக்கு உள்ளே ஒரு முந்திரித் தோப்பில் அவள் அப்பா முத்துவேல் காவல் இருந்தார். அம்மா இல்லை. தோப்பின் நடுவில் ஒரு கொட்டகை, அதன் பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு. சேர்க்க வந்தபோதே முத்துவேல் கையைக் கட்டிக்கொண்டு மிஸ்ஸிடம் சொன்னார்.

“யம்மா, மறைக்கக் கூடாது. புள்ளைக்கு வலிப்பு இருக்கு. சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குறாங்க. அதக் குடிச்சா வரதில்ல. நான் காலையில தோப்புக்குள்ள போனா பொழுது சாஞ்சுதான் வருவேன். தனியா இருக்கையில வந்துட்டா, கெணறு கெடக்குது. அத நெனச்சா எனக்கு ஒரு வேலையும் ஓட மாட்டேங்குதும்மா.”

மிஸ் சேர்த்துக்கொண்டார். டிரஸ்ட் கமிட்டிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மருந்து கொடுத்தால் வராது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக மிஸ் எடுத்துச் சொன்ன பிறகு, “சரி, ஆனால் வந்தால் வைத்துக்கொள்ள முடியாது” என்று சொல்லிவிட்டார்கள்.

மருந்து ஒரு சிரப். ஆரஞ்சு மிட்டாய் வாசனை அடிக்கும். அதை மிஸ் வேறு யார் கையிலும் விட்டதில்லை. காலையும் இரவும் சாப்பாட்டு ஹால் வாசலில் இருக்கும் தன் மேஜையில், பாட்டிலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மூடியில் கோடு பார்த்து ஊற்றுவார். மூடியைக் கொளஞ்சியின் டம்ளரில் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டுவார். கொளஞ்சி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன் பெஞ்சுக்குப் போவாள். எல்லாரும் உட்கார்ந்து ஜெபம் முடிய வேண்டுமே. அதற்குள் நான் மறுகோடியில் வாளியோடு நிற்பேன்.

முதல் வலிப்பு துணி துவைக்கிற கல் பக்கம் வந்தது. நான் தலையைத் தாங்கிக்கொண்டேன். பல் கிட்டி, கண் மேலே செருகி, கால் இரண்டும் உதறியது. நின்ற பிறகு அவள் என் மடியில் தூங்கினாள். எனக்குத்தான் அதற்கப்புறம் தூக்கம் போனது.

சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம், மிஸ்ஸும் நானும் நடுவில் கொளஞ்சியும். டாக்டர் நல்ல மனிதர். முதல் கேள்வியே, “மருந்து வேளை தவறாம குடுக்குறீங்களா?”

“என் கையாலதான் டாக்டர் அளந்து குடுக்குறேன். ஒரு வேளைகூட தவறல” என்றார் மிஸ். அது உண்மை.

டாக்டர் கொளஞ்சியைப் பார்த்து, “குடிக்கிறியாம்மா?” என்றார். “குடிக்கிறேன் சார்” என்றாள். அதுவும் உண்மை. அளவைக் கூட்டி எழுதினார்.

அளவு கூடியும் வலிப்பு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை, படிக்கட்டில் ஒரு தடவை. மறுபடி சிதம்பரம், மறுபடி அதே கேள்வி, மறுபடி அதே பதில். இன்னும் கூட்டினார். “இதுக்கு மேல போனா புள்ள எந்நேரமும் தூங்கிட்டே இருக்கும், பாத்துக்குங்க” என்றார். ஆனால் கொளஞ்சி தூங்கவில்லை, கண் முழித்துத்தான் இருந்தாள். அவள் பெஞ்சில் ஆகச் சின்னவளான பவானிதான் வகுப்பில் தூங்கித் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் புகார் சொல்லி அனுப்பினார். சத்துக் குறைவாக இருக்கும் என்று அவளுக்கு முட்டை கொடுத்தோம்.

அந்த நாட்களில் நான் நடந்ததெல்லாம் கொளஞ்சியின் நிழலில்தான். அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால் போவேன். மாடிப்படியில் கால் வைத்தால் கீழே போய் நிற்பேன். எங்காவது டம்ளர் விழுந்து உருண்டால் அவளைத் தேடி ஓடுவேன். “ஆயா, ஏன் என்னையே பாக்குற?” என்பாள். “சும்மாதாண்டி, ஒன் ஜடை கோணலா இருக்கு” என்பேன்.

படிக்கட்டில் வந்ததைக் கமிட்டி ஆள் ஒருவர் நேரிலேயே பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்துவேலை வரச் சொன்னார்கள். அவர் வழக்கம்போல ஒரு பை முந்திரிக்கொட்டை வறுத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் பை கையிலேயே நின்றுவிட்டது.

“கூட்டிக்கிட்டுப் போறேம்மா. நீங்க என்னா பண்ணுவீங்க” என்றார். மிஸ் பாட்டிலை எடுத்து, மூடியில் புதுக் கோட்டைப் பேனாவால் குறித்துக் காட்டி, காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று சொல்லிக் கொடுத்தார். தோப்புக்காரர் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். கொளஞ்சி தன் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, முந்திரியை அலுமினியத் தட்டில் கொட்டி ஆறு பங்கு பிரித்தாள். கடைசிப் பங்கை எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டு அப்பா பின்னால் போனாள். எனக்கு அந்தக் கிணறு ஞாபகமாகவே இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு. மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளைப் பிள்ளைகள் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் இந்தப் பக்கம் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன். கொளஞ்சி பெஞ்சுப் பிள்ளைகள் ரெஜினாவும் பவானியும் சண்டை.

“ஒன்னாலதாண்டி. நீதான் ஜாஸ்தி ஜாஸ்தியா குடிச்ச.”

“நான் ஒரு முழுங்குதான் குடிச்சேன். நீதான் அடியில நின்னதெல்லாம் நக்குன. ஆரஞ்சு அடியிலதான் நிக்கும்னு சொன்னியே!”

“தண்ணி ஊத்திக் கலக்குறவ கடைசியில குடிக்கணும். சட்டம் தெரியாதா ஒனக்கு? கொளஞ்சியே ஒரு முழுங்கோட நிறுத்திக்குவா. அவ மருந்து, அவளே கம்மியா குடிச்சா. நீ என்னாடான்னா...”

என் கையிலிருந்த நார் அண்டாவுக்குள் விழுந்தது.

“என்னாடி சொல்றீங்க?” என்று கேட்டேன். இன்னொரு தடவை கேட்டேன். ரெஜினா ஒளிக்கவில்லை. தப்புச் செய்தால்தானே ஒளிப்பாள். “ஜெபம் முடிஞ்சதும் ஜூஸ் போட்டுக்குவோம் ஆயா. டம்ளர் நெறைய தண்ணி ஊத்தி ஆளுக்கு ஒரு முழுங்கு. ஷேர் அண்ட் ஷேர் அலைக்தானே!” என்றாள் பெருமையாக.

மிஸ் அறையில் கமிட்டி ஆள் இருந்தார். பெரிய மனிதர்கள் பேசும்போது நான் உள்ளே போனதே கிடையாது. கையில் சாம்பல் தண்ணீர் சொட்டச் சொட்டப் போய் நின்றேன். “என்ன அஞ்சலை?” என்றார் மிஸ். எனக்குத் திக்கியது. “மிஸ், கொளஞ்சி மருந்து... ஆறு பேரும்... பங்கு...” அதற்குள் ரெஜினாவே பின்னால் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றவில்லை. எழுந்து நின்றார். நான் நினைத்ததெல்லாம், சரி, பிள்ளை மருந்து குடிக்காததால்தான் வலிப்பு வந்தது, இனி திருப்பிக் கூட்டி வந்துவிடலாம் என்பதுதான். மிஸ் வேறொன்றை நினைத்துவிட்டார்.

“அஞ்சலை, அவ இதுவரைக்கும் ஆறுல ஒரு பங்குதான் குடிச்சிருக்கா. அது பத்தலன்னு டாக்டர் கூட்டிக் கூட்டிக் குடுத்திருக்கார். இப்ப அவ அப்பா முழுசையும் அவ ஒருத்திக்கே குடுப்பாரு. நேத்து ராத்திரி குடுத்திருப்பாரு. இன்னைக்குக் காலையில குடுத்திருப்பாரு.”

தோப்புக்காரர் நம்பருக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பப் போட்டார். எடுக்கவில்லை. சிதம்பரம் டாக்டருக்குப் போட்டு விவரம் சொன்னார். டாக்டர் மூடி அளவைக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அடுத்த வேளை குடுக்கவே கூடாது. புள்ளைய உடனே கொண்டாங்க. மத்த பிள்ளைங்களுக்கு அந்த ஒரு வாயில பெரிசா ஒண்ணும் ஆகாது, ஆனா இன்னைக்குக் கண்ணுல வச்சுப் பாருங்க” என்றாராம்.

பிள்ளைகளைச் சமையல்காரம்மாவிடம் விட்டுவிட்டுக் குறிஞ்சிப்பாடி பஸ் பிடித்தோம். அந்த வழியில் பஸ் எல்லா நிறுத்தத்திலும் நிற்கும். ஒரு இடத்தில் கூடைக்காரிகள் ஏறி, கூடையை வைக்க இடமில்லை என்று கண்டக்டரோடு வாய்ச்சண்டை போட்டார்கள். மிஸ் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மாரியாத்தாளைக் கும்பிட்டேன், மிஸ் உதடு அசைந்ததில் அவர் தம் சாமியைக் கும்பிடுகிறார் என்று தெரிந்தது.

குறிஞ்சிப்பாடியில் இறங்கி ஒரு ஆட்டோவில் தோப்பு ஓரம் வரை போனோம். அதற்கு மேல் செம்மண் தடம். முந்திரிக் கிளை தாழ்ந்து முகத்தில் அடித்தது. மிஸ் செருப்பு ஒன்று மணலில் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டே நடந்தார். சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. முத்துவேல் வீடு திரும்புகிற நேரம், மருந்து கொடுக்கிற நேரம்.

கொட்டகை தெரிந்ததும் நான் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பிறகுதான் உள்ளே ஓடினேன். கொளஞ்சி பாயில் கிடந்தாள். முத்துவேல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மூடியில் மருந்தை ஊற்றி, கோடு சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்தார்.

“வாங்கம்மா, வாங்க. மருந்து நல்லா வேலை செய்யுதும்மா. காலையிலேர்ந்து ஒரு உதறல் கெடையாது. நல்லா தூங்குறா பாருங்க. எழுப்பி ராத்திரி மருந்தக் குடுத்துடலாம்னு...”

மிஸ் அந்த மூடியை அவர் கையிலிருந்து வாங்கி மண்ணில் கவிழ்த்தார். முத்துவேல் ஒன்றும் புரியாமல் ஈர மண்ணையே பார்த்தார்.

நான் கொளஞ்சியை எழுப்பினேன். கன்னத்தில் தட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. மூச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது, ரொம்ப நிதானமாக. அடுத்த மூச்சு வருமா என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தேன். முத்துவேல் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். குறிஞ்சிப்பாடி ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் குளுக்கோஸ் மாட்டி, 108 வண்டியில் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். வண்டி போகிற வேகத்தில் நான் அவள் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டே போனேன். எதற்குப் பிடித்தேன் என்று தெரியாது. விட்டால் போய்விடுவாள் போல இருந்தது.

மறுநாள் பகலில்தான் கண் திறந்தாள். டாக்டர் வந்து கண்ணில் லைட் அடித்து, விரலைக் காட்டி, பேரைக் கேட்டு, “பயமில்ல. கொறஞ்ச அளவுலேர்ந்து புதுசா ஆரம்பிப்போம்” என்றார். முத்துவேல் வார்டு வாசலிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “ஏம்மா கொளஞ்சி, இது ஒன் மருந்து. ஒனக்கு வலிப்பு வரக் கூடாதுன்னு குடுக்குறது. அத ஏன் எல்லாருக்கும் குடுத்த?”

“பங்கு போடணும்ல மிஸ்?”

“நான் மருந்தச் சொல்லலியே.”

“எது வந்தாலும்னு சொன்னீங்களாம். ரெஜினா அக்கா சொன்னா.” கொஞ்ச நேரம் போர்வை நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். “வந்த புதுசுல, வலிப்புக்காரி பக்கத்துல படுத்தா ஒட்டிக்கும்னு யாரும் என்கிட்ட பாய் போடல ஆயா. தனியாக் குடிச்சிருந்தா தனித்தீனின்னும் சொல்லுவாங்க. ஜூஸ் குடுத்தப்புறம்தான் ரெஜினா அக்கா ரெண்டு பக்கமும் ஆள் படுக்க வச்சா.”

மிஸ் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். அதை மேஜை மேல் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை விடுதியில் இருந்தது அவருக்குத் தெரியவே தெரியாதாம். “தனித்தீனி” என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

கமிட்டியில் மிஸ் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்தியிருந்தது. ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார். “ஒரு டெர்ம் குடுத்திருக்காங்க, அஞ்சலை. அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு வந்தாலும் அனுப்பிடணும்” என்றார்.

கொளஞ்சி திரும்பி வந்த அன்று காலைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். மிஸ் ஜெபத்தை ஆரம்பிக்கவில்லை. கொளஞ்சியைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்.

“ஷேர் அண்ட் ஷேர் அலைக்னு ஒங்களுக்குச் சொல்லித் தந்தேன். அலைக்னா ஒரே அளவு. ஒரே மாதிரி பசிக்கிறவங்களுக்குத்தான் ஒரே அளவு. பங்கு போடுறதுக்கு முன்னாடி, இது பங்கு போடுற பொருளான்னு ஒரு கேள்வி கேக்கணும். அதை நான் ஒங்களுக்குச் சொல்லித் தரல. கத்திச் சொல்ல மட்டும் சொல்லித் தந்துட்டேன். இனிமே அதக் கத்த வேணாம். இது கொளஞ்சியோடது. ஜெபத்துக்கு முன்னாடியே குடிப்பா. அப்புறம் இன்னொண்ணு. வலிப்பு ஒட்டாது. ஆயா மடியில எத்தன தடவ வந்துருக்கு, ஆயாவுக்கு வந்துச்சா?”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மிஸ் அளந்து ஊற்றினார். முன்னைவிடக் கொஞ்சமாக. கொளஞ்சி டம்ளரை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் சும்மா உட்கார்ந்து பார்க்கிறார்கள், தான் மட்டும் குடிக்க வேண்டும். டம்ளரை வாய் வரை கொண்டுபோய் இறக்கினாள். எல்லாரையும் விட்டுத் தன் பெஞ்சைப் பார்த்தாள்.

“குடிடி. ஒன் எடத்த யாரும் எடுத்துக்கல” என்றாள் ரெஜினா. பெஞ்சின் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குக் கையை வைத்து மறித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பவானி.

கொளஞ்சி குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். மிஸ் டம்ளரை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் ஜெபம் ஆரம்பித்தது.

அந்த டெர்ம் முழுக்க ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். படிக்கட்டையும் தொட்டியையும் நான் விடவில்லை. நாள் போகப் போகப் பயம் குறைய வேண்டும், எனக்குக் கூடியது. இத்தனை நாள் வரவில்லையே, இன்றைக்கு வந்துவிடுமோ என்று. டெர்ம் முடிந்தது. வரவில்லை. கமிட்டிக்காரர்கள் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முத்துவேல் முந்திரிப் பையோடு வந்து போய்க்கொண்டிருந்தார்.

வேலையை விட்டு வருகிற அன்று காலையிலும் நான் வாளியோடு நின்றேன். கொளஞ்சி வளர்ந்திருந்தாள், மேஜைக்கு மேல் தோள் தெரிந்தது. டம்ளரைத் தூக்கினாள். அவள் விழுங்கினாள், நானும் விழுங்கினேன்.